'நீர்க்கடுப்புத்தான்' என்று சொல்லி அனுப்பாதீர்கள்

உயிரைப் பறிக்கும் சொற்கள் என்றால் வெடி, வாள், நஞ்சு என்பவைதாம் நம் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதப்போவது அவற்றைவிடச் சாதுவான, வீட்டுப் பாவனையில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி. நீர்க்கடுப்பு. யாழ்ப்பாணத்தில் சலக்கடுப்பு என்பார்கள். மலையகத்துத் தோட்டங்களில் 'சூடு பிடிச்சிருக்கு' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அந்தச் சொல்லின் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, அடிவயிறு கடுக்கிறது என்றால் பெரும்பாலும் அது கிருமித் தொற்றால் வந்த சிறுநீர்ப்பை அழற்சிதான். மருந்து எடுத்தால் மாறிவிடும். எனது வழக்கு வேறு. சிறுநீரில் இரத்தம் கண்ட பிறகும் அதே சொல்லை எடுத்து மூடிபோட்டு மூடுகிறோமே, அதற்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மூடிக்குக் கீழே சிலரிடம் புற்றுநோய் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற கடமை யாருடையது என்பதை நாம் இதுவரை தீர்மானிக்கவில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபூர்வமான வியாதியல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 6 இலட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்ததாகவும், 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசக் கணிப்புகள் சொல்கின்றன. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம் புகைத்தல். அதன் முதல் அறிகுறி பெரும்பாலானோரிடம் ஒன்றே: வலியில்லாமல் சிறுநீரோடு வரும் இரத்தம். சிலநாள் வரும், பிறகு தானாகவே நின்றுவிடும்.

தானாகவே நின்றுவிடும் என்ற இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். எல்லா ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது. கட்டியிலிருந்து கசிந்த இரத்தம் மூன்றாம் நாள் தானாக நிற்கிறது. இரண்டாம் நாள் யாரோ ஒருவர் நுண்ணுயிர்கொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை இரத்தத்தை நிறுத்தியதாக நோயாளி நம்புகிறார், கொடுத்தவரும் நம்புகிறார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் வந்தால், 'முன்பும் இப்படித்தான் வந்தது, அந்த மாத்திரையில் மாறியது' என்று அதே மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். இப்படியே ஓர் ஆண்டு போய்விடுகிறது. உட்சுவரின் மேற்பரப்பில் இருந்த கட்டி அந்த ஓர் ஆண்டில் தசைக்குள் இறங்கிவிடக்கூடும். மேற்பரப்பில் இருக்கும்போது கண்டால் சிறுநீர் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டியிருக்கும். அதற்கும் பிந்தினால் அகற்றியும் பயனில்லை.

அழற்சி இந்த நோயை எப்படி மறைக்கிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். முதலாவது, நோயாளியின் உணர்வு. எரிவு, அவசரம், அடிக்கடி போதல் ஆகியவை தொற்றிலும் வரும், புற்றுநோயின் ஒரு வகையிலும் வரும். அந்த வகை கட்டியாக எழும்பாமல், சுவரோடு சுவராகத் தட்டையாகப் பரவும். பரவும் இயல்பு கொண்ட மோசமான கலங்கள் அவை. அதற்கு இருப்பதெல்லாம் நீர்க்கடுப்பின் அறிகுறிகளே.

இரண்டாவது, ஆய்வுகூடத்துத் துண்டு. நமது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த 'யூ.எஃப்.ஆர்.' என்ற முழுச் சிறுநீர் அறிக்கையில் 'பஸ் செல்' நிறைய என்று எழுதியிருந்தால் தொற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சீழ்க்கலம் இருக்கிறது, ஆனால் கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை என்றால் அதற்கு வேறு பொருள் உண்டு. காசநோயாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், நான் மேலே சொன்ன தட்டையான புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த வளர்ப்புச் சோதனையைச் செய்யாமலே மாத்திரை கொடுப்பதுதான் எங்கும் வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது, கமரா. சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கும்போது அழற்சி சிவந்த திட்டாகத் தெரியும். தட்டையான புற்றுநோயும் சிவந்த திட்டாகவே தெரியும். அனுபவசாலியின் கண்ணையும் இது ஏமாற்றும். நான்காவது, நுணுக்குக்காட்டி. சிறுநீரில் உதிர்ந்த கலங்களைப் பார்க்கும் சோதனையில், அழற்சியால் பருத்துக் கறுத்த கலங்கள் புற்றுக்கலங்கள் போலத் தோற்றம் காட்டும். சில சமயம் புற்றுக்கலங்களையே 'அழற்சியால் வந்த மாற்றம்' என்று ஒதுக்கிவிடவும் நேரும். இந்நான்கு படியையும் தாண்டி உண்மையைச் சொல்லக்கூடியது ஒன்றுதான். சந்தேகமான இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. சில வேளைகளில் அதையும் ஒரு தடவை செய்தால் போதாது.

இது ஏழைநாட்டுச் சங்கதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் உபஜனாதிபதியாக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 1967ஆம் ஆண்டு சிறுநீரில் இரத்தம் கண்டது. உலகின் மிகச் சிறந்த வைத்தியர்கள் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த துண்டு நாட்பட்ட அழற்சி என்று சொன்னது. சிறுநீர்க் கலங்களைப் பார்த்த நிபுணர்களிடையே கருத்து பிளவுபட்டது. ஒருவர் புற்றுநோய் என்று ஐயுற்றார், மற்றவர்கள் ஏற்கவில்லை. 1976இல் நோய் ஆழமாக ஊடுருவிவிட்டது உறுதியாகி, சிறுநீர்ப்பை அகற்றப்பட்டது. 1978 ஜனவரியில் அவர் மறைந்தார். கதை அத்தோடு முடியவில்லை. 1967இல் எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருந்தன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் அவற்றைப் புதிய மரபணு முறையில் சோதித்தார்கள். 1976இல் அகற்றிய கட்டியில் இருந்த அதே மரபணுப் பிறழ்வு 1967ஆம் ஆண்டுக் கலங்களிலும் இருந்தது. ஆக, 'அழற்சி' என்று எழுதப்பட்ட அந்த ஆண்டிலேயே நோய் அங்கு இருந்திருக்கிறது.

ஹம்ஃப்ரியின் வைத்தியர்களை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்களிடம் 1994ஆம் ஆண்டின் கருவிகள் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள். அழற்சி என்ற பதில் வந்த பின்னரும் அவரைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள், எழுதி வைத்தார்கள், கலங்களைப் பாதுகாத்தார்கள். கேள்வியை மூடவில்லை. வெள்ளை மாளிகைக்கு அடுத்த கதிரையில் இருந்தவரிடமே அழற்சி இப்படி ஒளித்துப் பிடித்து விளையாடியது என்றால், எல்கடுவையில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் அது எப்படி விளையாடும்?

மாத்தளை மாவட்டத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகள் செய்தி தேடி இந்த மாவட்டத்தின் வீதிகளில் அலைந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரே வியாதி ஒளிந்துகொள்ள மூன்று விதமான திரைகளை விரித்து வைத்திருக்கும் மாவட்டம் இது.

முதலாவது திரை, தோட்டம். இறத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ, கந்தேநுவர என்று மலைச்சரிவுகளில் வாழும் நம் மக்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் நினைவாக 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனோம், இருநூறு ஆண்டு என்று கொண்டாடினோம். நல்லது. ஆனால் அந்த மக்களின் கொழுந்து மலைகளில் இன்றும் ஒரு பெண் சிறுநீர் கழிக்க ஒதுங்க மறைவான இடம் கிடையாது என்பதை எத்தனை மேடைகளில் சொன்னோம்? ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். அதனால் அவர்களுக்கு உண்மையாகவே அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. அடிக்கடி வருவதாலேயே, என்றாவது ஒருநாள் அதே உறுப்பில் வேறொன்று வரும்போது அவர்களுக்கும் ஐயம் எழுவதில்லை, அவர்களைப் பார்ப்பவர்களுக்கும் எழுவதில்லை. வழக்கமாக வரும் விருந்தாளிதான் கதவைத் தட்டுகிறான் என்று நினைத்துத் திறந்துவிடுகிறோம்.

பெண்களில் இந்நோய் குறைவாக வருகிறது. ஆனால் கண்டுபிடிக்கப்படும்போது ஆண்களைவிட முற்றிய நிலையில் இருப்பதாக மேலைநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. அங்கும் காரணம் இதுவே: இரத்தம் கண்ட பெண்ணுக்கு நிபுணரிடம் அனுப்பும் கடிதத்துக்குப் பதிலாக இன்னொரு தொகுதி நுண்ணுயிர்கொல்லி கிடைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணிடம் இரத்தம் எந்த வழியால் வருகிறது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் இவற்றோடு வெட்கமும் உண்டு. வீட்டில் மகனிடம் சொல்ல முடியாது. வைத்தியருக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியாது. சொல்லித்தர உடன்போகும் பேரப்பிள்ளையின் முன்னால் சொல்ல வாய் வராது.

நண்பர் ஒருவரின் மூத்த சகோதரி. இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். நோய் முற்றி வீட்டோடு இருந்த நாளில் பார்க்கப் போயிருந்தேன். "எத்தனை தடவை மருந்து எடுத்தீங்க அக்கா?" என்று கேட்டேன். "எண்ணலே தம்பி. சூடுன்னாங்க, மாத்திரை குடுத்தாங்க. நின்னுச்சு. பெறகு வந்துச்சு. மறுக்காவும் சூடுன்னாங்க" என்றார். அவர் போன இடங்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. ஒரு தனியார் டிஸ்பென்சரி, ஒரு மருந்துக்கடை, ஓர் அரசாங்க வெளிநோயாளர் பிரிவு, ஒரு நாட்டு வைத்தியர். ஒவ்வொருவரும் தம்மிடம் வந்தது முதல் தடவை என்றே நினைத்திருப்பார்கள். ஏனென்றால் எவரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மாத்திரையின் பெயர்கூட எழுதாத சின்னக் கடதாசி உறைகள் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடந்தன. அந்தப் பேணிதான் அவருடைய மருத்துவ வரலாறு.

இரண்டாவது திரை, மாவட்டத்தின் மறுகோடியில். வில்கமுவ. காரணம் இன்னதென்று நிச்சயிக்கப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள பிரதேசங்களில் ஒன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களில் பேசப்படத் தொடங்கிய நோய் அது. அங்குள்ள விவசாயிகளுக்கு அதன்மீது உள்ள அச்சம் நியாயமானது. குடிநீரைப் பற்றியும் கிருமிநாசினிகளைப் பற்றியும் அவர்கள் கேட்கும் கேள்விகளும் நியாயமானவை. ஆனால் அந்த அச்சத்தின் நிழலில் வேறு நோய்கள் மறைந்துபோகின்றன. அந்தச் சிறுநீரக நோய் ஓசையில்லாமல் வருவது. சிறுநீர் கண்ணுக்குத் தெரியச் சிவப்பது அதன் இயல்பல்ல. பீடியோ சிகரெட்டோ முப்பது ஆண்டு புகைத்த ஒரு விவசாயிக்குச் சிறுநீர் சிவந்தால், 'எங்கள் ஊர்த் தண்ணீர்தான்' என்று அயலவரும் அவரும் சேர்ந்து தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதில்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக வீடு திரும்புகிறார். சிறுநீரகம் பழுதில்லை என்றால் அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது திரை, மூலிகை. கண்டி வீதியில் இருமருங்கும் மூலிகைத் தோட்டங்களும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் உள்ள மாவட்டம் மாத்தளை. பொல்பலா அவித்துக் குடித்தால், நெருஞ்சில் கஷாயம் குடித்தால், இளநீர் குடித்தால் சூடு தணியும் என்பது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. நான் நாட்டு வைத்தியத்தின் எதிரியல்லன். எரிவுக்குக் குடியுங்கள், தாராளமாகத் தண்ணீரும் குடியுங்கள். இரத்தத்துக்கு மட்டும் குடிக்காதீர்கள். கஷாயம் குடித்த மறுநாள் சிறுநீர் வெளிறினால் நோய் போய்விட்டது என்று பொருளாகாது. நமது பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களும் 'பார்லித் தண்ணீர் குடியுங்கள்' என்ற வரியோடு நின்றுவிடுவது பெருங்குறை. அதற்கு அடுத்த வரி ஒன்று இருக்க வேண்டும்: இரத்தம் கண்டால் அன்றே வைத்தியரிடம் சென்று, அதை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

அழற்சி என்ற பெயருக்குள் எத்தனை வேறுபட்ட நோய்கள் அடங்கியிருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. ஒன்றிரண்டைச் சொல்கிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பைச் சுவர் புண்ணாகி இரத்தம் வரக்கூடும். 'பழைய கரண்ட் வைத்தியத்தால் வந்தது' என்று விட்டுவிடுகிறார்கள். அதே கதிர் சிறுநீர்ப்பையில் புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்து சில புற்றுநோய்களுக்கும் கடுமையான மூட்டு, சிறுநீரக வியாதிகளுக்கும் கொடுக்கப்படுவது. அது உடைந்து உண்டாகும் ஒரு நச்சுப்பொருள் சிறுநீர்ப்பையை அரித்து இரத்தம் கசியச் செய்யும். பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். மிளகுக் கொடியில் காய் பறிக்க ஏறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், போரில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஆண்டுக்கணக்காகச் சிறுநீர்க் குழாயோடு வாழ்கிறார்கள். அந்தக் குழாயின் ஓயாத உராய்வே நாட்பட்ட அழற்சி. அதன்மேல் எழும் புற்றுநோய் தனி வகை. குழாயில் இரத்தம் கண்டால் 'குழாய் உரசியது' என்று சொல்வது எவ்வளவு எளிது என்று பாருங்கள். சிறுநீர்ப்பைக் காசநோய் இன்னொன்று. வெறும் வலியும் அவசரமும் தரும், கிருமி எதுவும் அகப்படாத நாட்பட்ட அழற்சி மற்றொன்று. அதைக் கை ஹன்னர் என்ற அமெரிக்க வைத்தியர் 1915இல் விவரித்தார். அப்பெயரைச் சூட்டுவதற்கு முன் புற்றுநோய் இல்லை என்று காட்டுவது வைத்தியரின் கடமை.

அழற்சியே மருந்தாகும் விந்தையும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் தோளில் போடும் பி.சி.ஜி. தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, வேண்டுமென்றே அழற்சியை மூட்டி, ஆரம்பநிலைப் புற்றுநோய் திரும்பாமல் காக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த அல்வாரோ மொராலஸ் 1976இல் வெளியிட்ட முறை அது. இன்றும் கையாளப்படுகிறது. ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்ப்பைச் சுவர் சிவந்து முண்டும் முடிச்சுமாக இருக்கும். நோய் திரும்பியதா, மருந்தின் அழற்சியா என்று அறிய மறுபடியும் துண்டெடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

எகிப்திய உதாரணம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நைல் நதிக் கால்வாய்களில் இறங்குவோரின் சிறுநீர்ப்பைக்குள் குடியேறும் ஒரு புழுவை தியோடர் பில்ஹாஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1851இல் கெய்ரோவில் கண்டுபிடித்தார். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பையில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும், முடிவில் புற்றுநோயைக் கொண்டுவரும். அங்கே சிறுவர்களின் சிறுநீர் சிவப்பது வெகு சாதாரணமாக இருந்தபடியால், பையன் வயதுக்கு வருகிறான் என்று அதை எடுத்துக்கொண்ட ஊர்களும் இருந்தன. ஒரு தலைமுறையே அந்தச் சிவப்பை இயல்பென்று நம்பியது. கடந்த நூற்றாண்டில் எகிப்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் கண்ட புற்றுநோய் சிறுநீர்ப்பையினதே. இலங்கையில் அந்தப் புழு கிடையாது. ஆனால் சிறுநீர் சிவப்பதை 'சூடு' என்று ஏற்றுக்கொள்ளும் நம் மனப்பழக்கத்துக்கும், வயதுக்கு வருதல் என்று ஏற்றுக்கொண்ட அந்த மனப்பழக்கத்துக்கும் எவ்வளவு தூரம்?

இதை எழுதும்போதே மறுப்புகள் என் காதில் விழுகின்றன. முதல் மறுப்பு: இரத்தம் கண்ட எல்லோருக்கும் கமரா விட முடியுமா? நாடு தாங்குமா? நான் அப்படிக் கேட்கவில்லை. இளம்பெண் ஒருத்திக்கு எரிவோடு சிறிது இரத்தம், வளர்ப்புச் சோதனையில் கிருமி, மருந்துக்குப் பின் சிறுநீர் முற்றாகத் தெளிவு என்றால் அங்கே கேள்வி முடிந்துவிட்டது. கமரா வேண்டியதில்லை. மருந்துக்குப் பின் தெளிந்ததா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவே. இங்கிலாந்தின் 'நைஸ்' என்ற வழிகாட்டு நிறுவனம் 2015இல் வகுத்த விதி மிக எளிது: 45 வயதைத் தாண்டியவரின் சிறுநீரில் கண்ணுக்குத் தெரிய இரத்தம் வந்து, தொற்று இல்லையென்றாலும், தொற்றுக்கு மருந்து கொடுத்த பின்னும் இரத்தம் நீடித்தாலோ திரும்பி வந்தாலோ, நிபுணரிடம் அனுப்பு. இதில் விலையுயர்ந்த கருவி எங்கே வருகிறது? 'திரும்பி வந்தால்' என்பதை அறிய வேண்டுமானால் முன்பு வந்ததை எவராவது எழுதி வைத்திருக்க வேண்டும். நம்மிடம் இல்லாதது அந்த எழுத்துத்தான்.

இரண்டாவது மறுப்பு: மக்களைப் பயமுறுத்தாதீர்கள், பெரும்பாலானவை சாதாரண அழற்சிதானே? ஆம், பெரும்பாலானவை அப்படித்தான். அதை நானே மேலே எழுதியிருக்கிறேன். மறுபக்கத்துத் தவறும் எனக்குத் தெரியும். கலப் பரிசோதனையில் 'ஐயத்துக்குரியது' என்று ஒரு சொல் வந்ததும் புற்றுநோய் என்று வீடே ஒப்பாரி வைத்து, நகையை அடகு வைத்து, கடைசியில் அழற்சி என்று தெரியவந்த குடும்பங்களும் உண்டு. இரண்டு தவறுக்கும் பரிகாரம் ஒன்றே. ஊகத்தில் நிற்காமல் பார்த்து முடிப்பது. பயம் போவதும் அப்போதுதான்.

மூன்றாவது மறுப்பு பெருமிதத்தோடு வருவது: இலவச மருத்துவம் உள்ள நாடு இது, போக வேண்டியதுதானே? இலவச மருத்துவம் நமது பெருமைதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்குப் போய், வரிசையில் நின்று, இன்னொரு திகதி வாங்கி வரும் நாளில் தோட்டத்தில் 'பேர்' கிடையாது. பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை வர்த்தமானியில் போடவே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். மூன்று திகதிக்கு மூன்று பேர் போனால் அடுப்பில் என்ன வேகும்? தமிழ் அரசகருமமொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதியாயிற்று. கிளினிக் கொப்பியில் அந்த நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு வரி எழுத இன்னும் எத்தனை திருத்தம் வேண்டும்?

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடங்களை அல்ல. அதற்கு அடிக்கல் நாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பவை சிறியவை.

சிறுநீரில் இரத்தம் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்கும் முதல் வைத்தியர், அவர் தோட்டத்து வைத்திய உதவியாளரானாலும் டிஸ்பென்சரி வைத்தியரானாலும், திகதியிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நுண்ணுயிர்கொல்லியைத் தொடங்கும் முன் வளர்ப்புச் சோதனைக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும். மாத்திரை முடிந்த பின் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாம் தடவை இரத்தம் வந்தால் மூன்றாம் தொகுதி மாத்திரைக்கு இடமில்லை என்று மாவட்டச் சுகாதார நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். 35 வயதுப் பெண்களுக்காக 1996 முதல் நடத்தப்படும் சுவநாரி கிளினிக்குகளில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: அம்மா, மூத்திரத்தில் எப்போதாவது இரத்தம் கண்டீர்களா? வில்கமுவையில் சிறுநீரக நோய்க்காக மக்களைத் தேடிப் போகிறவர்கள் அதே கேள்வியை ஆண்களிடமும் கேட்க வேண்டும். கொழுந்து மலைகளில் ஒதுங்குமிடம் அமைக்க வேண்டியது தோட்டக் கம்பனிகளின் பொறுப்பு. தொழிற்சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு அதையும் மேசையில் வைக்கட்டும். நிபுணரிடம் போகும் நாளுக்கு 'பேர்' போடுவதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒரு பேனாவும், ஒரு கொப்பியும், சந்தேகம் தீரும்வரை மூடாத மனமும் போதும்.

இதை ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் அம்மாவோடு, பெரியப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது பிரஷர் எப்படி, சீனி எப்படி என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியையும் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். 'ஒருக்கா வந்தது, இப்ப நின்டுட்டுது' என்ற பதில் வந்தால் நிம்மதியாகப் போனை வைத்துவிடாதீர்கள். எப்போது வந்தது, என்ன சோதித்தார்கள், பிறகு யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அடுத்த திங்கட்கிழமை வைத்தியரிடம் அழைத்துப் போக ஓர் ஆளை ஒழுங்கு செய்யுங்கள். நின்றுவிட்டது என்பதற்காகப் பயணத்தை நிறுத்தாதீர்கள்.